மாலைப் பொழுது யாருக்குச் சொந்தம்?

ஆலையில் சங்கு ஊதினால் ஷிப்டு முடிந்தது. அதற்கு மேல் ஒரு மணி நேரம் நின்றால் ஓவர்டைம் கேட்கலாம். கொடுக்க மறுத்தால் கேட்டு வாங்கச் சங்கம் இருக்கிறது. இந்த உரிமை யாரும் தானமாகத் தந்ததல்ல. 1886-இல் சிகாகோ நகரத் தொழிலாளர்கள் இதற்காக ரத்தம் சிந்தினார்கள். 1923 மே முதல் தேதி சென்னையில் சிங்காரவேலர் மே தினக் கொடியை ஏற்றினார். அவ்வளவு தூரம் போவானேன்? 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, அது வாபஸ் என்று முதலமைச்சரே அறிவிக்க வேண்டி வந்தது.

ஆனால் மணி அடித்த பிறகும் வேலை முடியாத ஒரு கூட்டம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்குச் சங்கமும் இல்லை, ஓவர்டைமும் இல்லை. பள்ளிக்கூடம் போகிற நம் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்குப் போன பிள்ளை நாலு, நாலரைக்குத் திரும்புகிறது. தனியார் பள்ளி வேனில் போகிற பிள்ளையானால் ஏழரைக்கே தெருமுனையில் நிற்க வேண்டும். திரும்ப ஐந்தரை ஆகும். வந்ததும் பை திறக்கிறது. கணக்கு பத்து, இங்கிலீஷில் ஒரு பாடத்தைப் பார்த்து எழுதுவது, அறிவியலில் கேள்வி பதில், தமிழில் பத்துச் சொல்லை ஐந்து தடவை எழுதுவது. எழுதி முடிக்க எட்டாகும், ஒன்பதாகும். கூட்டிப் பாருங்கள்! எட்டு மணி நேர வேலைக்காகக் கொடி பிடித்த நம் வீட்டில், பத்து வயதுப் பிள்ளை பதினோரு மணி நேரம் வேலை பார்க்கிறது.

வீட்டுப்பாடம் என்பது உண்மையில் என்ன? குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தறி ஓட்டுகிறவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். முதலாளி பாவும் ஊடையும் கொடுத்து அனுப்புகிறார். நெசவாளி தன் வீட்டில் வைத்து நெய்து கொண்டுபோய்க் கொடுக்கிறார். கொட்டகை யாருடையது? நெசவாளியுடையது. தார் சுற்றும் ஆள்? நெசவாளியின் மனைவி, மக்கள். விளக்குச் செலவு? அதுவும் அவர் தலையில்தான். துணியில் பழுது வந்தால் கூலியில் பிடித்தம். பள்ளிக்கூடம் செய்வதும் இதுதான். தன் கூரைக்குக் கீழே, தன் சம்பள ஆசிரியரைக் கொண்டு முடிக்க வேண்டிய வேலையில் ஒரு பகுதியை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறது. இடம், வெளிச்சம், சொல்லிக் கொடுக்க ஆள், இதெல்லாம் வீட்டின் பொறுப்பு. சரியாக முடித்து வராவிட்டால் பழுது பிள்ளையின் பேரில் எழுதப்படும்.

வீடு என்றால் எந்த வீடு? இதுதான் கேள்வி. உத்தியோகஸ்தர் வீட்டில் தனி அறை இருக்கிறது, மேஜை இருக்கிறது, பட்டம் பெற்ற தாய் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லித் தருகிறார். முடியாவிட்டால் டியூஷன். அந்த வீட்டில் வீட்டுப்பாடம் பிள்ளையை ஒரு படி மேலே ஏற்றும்.

நம் வீடு எப்படி இருக்கிறது? சங்க வேலையாக மாலை நேரத்தில் வெப்படை, பள்ளிபாளையம் பக்கம் வீடு வீடாகப் போகிறவன் நான். ஒரே அறையில் சமையல், அதிலேயே படுக்கை. சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி பேசிக்கொண்டே இருக்கிறது. தகப்பன் இரவு ஷிப்டுக்குக் கிளம்புகிறான். தாய் நூல் மில்லிலிருந்து வந்து அடுப்பு மூட்டுகிறாள். பையன் வாசல்படியில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, “அம்மா, இது எப்படி?” என்று கேட்கிறான். “எனக்கென்ன கண்ணு தெரியும், வாத்தியாரம்மாவைக் கேளு” என்கிறாள் அவள். ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போகிற குடும்பத்தில் இருட்டின பிறகுதான் பெற்றவர்களே வீடு திரும்புகிறார்கள். அதற்குள் மாட்டைப் பிடித்துக் கட்டித் தட்டுப் போட்டு, தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சோறு ஊட்டி வைத்திருப்பது யார்? ஏழாம் வகுப்பு படிக்கிற பெண்! அவளுடைய வீட்டுப்பாடம் எட்டு மணிக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது வந்த பழக்கம். பள்ளி திறந்த பிறகும் அது போகவில்லை. வீட்டில் இருப்பது ஒரே போன். அது தகப்பனோடு ஆலைக்குப் போய்விட்டது. பிள்ளை பக்கத்து வீட்டில் போய்க் கெஞ்சிப் பார்த்து எழுதுகிறது. “பிராஜெக்ட்” என்று வேறு ஒன்று உண்டு. சார்ட் அட்டை, வண்ணப் பேனா, ஒட்டுவதற்குப் படம். இதை எந்தப் பிள்ளையும் செய்வதில்லை, கடையில்தான் செய்கிறார்கள். காசு கொடுத்தால் பிராஜெக்ட், காசு இல்லாவிட்டால் வகுப்புக்கு வெளியே. இதில் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்?

இது ஏதோ நம் ஊர்ப் புலம்பல் என்று சொல்லிவிட முடியாது. பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி. 2012-இல் பல நாடுகளில் 15 வயது மாணவர்களுக்குத் தேர்வு நடத்தியபோது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வீட்டுப்பாடம் செய்கிறாய் என்றும் கேட்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் வாரத்துக்கு 5.7 மணி, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள் 4.1 மணி என்று விடை வந்தது. வீட்டுப்பாடம் ஏற்றத்தாழ்வை நீடிக்கச் செய்கிறதா என்ற கேள்வியை அந்த அமைப்பே எழுப்பியது. ஷாங்காய் நகரப் பிள்ளைகள் வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம் எழுதினார்கள். பின்லாந்துப் பிள்ளைகள் மூன்று மணிக்கும் குறைவு. பின்லாந்துக்காரன் படிப்பில் சோடை போய்விட்டானா? இல்லையே! தென் கொரியாவிலும் மூன்று மணிக்குக் குறைவுதான். ஆனால் அங்கே டியூஷன் கடைகள் நள்ளிரவு வரை நடந்து, இரவு பத்து மணிக்கு மூட வேண்டும் என்று சியோல் நகரில் கட்டளை போட வேண்டியிருந்தது. ஆகவே வீட்டுப்பாடக் கணக்கை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

இனி, பிள்ளையின் மாலைப் பொழுதின் மேல் வேறு யார் யார் கை வைத்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

1953-ஆம் ஆண்டு. முதலமைச்சர் ராஜாஜி. பழைய சேலம் ஜில்லாவின் தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தியவர். 1917-இல் சேலம் நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். அவர் ஒரு புதிய ஆரம்பக் கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமப் பள்ளிகளில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பு. மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். புத்தகச் சுமை குறையும், கைத்தொழில் வளரும் என்றெல்லாம் அழகாகப் பேசப்பட்டது. நாட்டு மக்கள் ஏமாறவில்லை. செருப்புத் தைப்பவன் மகன் செருப்புத் தைக்கவும், சவரத் தொழிலாளி மகன் கத்தி பிடிக்கவுமா என்று கேட்டார்கள். குலக்கல்வி என்று பெயர் சூட்டினார்கள். திராவிட இயக்கத்தாரும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார், காமராஜ் முதலமைச்சரானார், மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

போனது போய்விட்டது என்று இருந்தோம். 2016-இல் மத்திய சர்க்கார் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியது. 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று ஒரு கையால் எழுதியது. மறு கையால், ஆபத்தான தொழில் அல்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் பிள்ளை உதவி செய்யலாம் என்று எழுதியது. “பள்ளி நேரத்துக்குப் பிறகு” என்றால் என்ன அர்த்தம்? அதே ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரைதான்! தார் சுற்றுவதும், கொலுசுக்குச் சலங்கை வைப்பதும் குடும்பத் தொழில் இல்லாமல் வேறென்ன? கூலிக்குத் தறி ஓட்டும் குடும்பத்தில் பிள்ளை சுற்றும் தாரின் லாபம் கடைசியில் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதைச் சட்டம் கேட்கவில்லை. ஆக, ஏழைப் பிள்ளையின் மாலைப் பொழுதை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள். பள்ளிக்கூடம் நோட்டைக் கொடுக்கிறது; சட்டம் தாரைக் கொடுக்கிறது. ஓடி விளையாடுவதற்கு எந்த நேரம் மிச்சம்?

மூன்றாவது கை வியாபாரியின் கை. இது நம் நாமக்கல் சீமையின் தனிப் பெருமை! தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 2007 முதல் பிளஸ் டூ மார்க்கே டாக்டர், இன்ஜினீயர் படிப்புக்குக் கதவு என்று ஆயிற்று. கிராமத்துப் பிள்ளைக்கு நல்லது என்றுதான் நாமெல்லாம் அதை வரவேற்றோம். வரவேற்றது சரிதான். ஆனால் அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே கடை போட்டுவிட்டார்கள். ஹாஸ்டல் பள்ளிகள் எழுந்தன. பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் பெற்றவர்கள் லட்சக்கணக்கில் பணத்தைக் கட்டிப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே வீட்டுப்பாடம் என்ற பேச்சே இல்லை; வீடே இல்லையல்லவா! விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பினால் இரவு பத்து மணி வரை ஸ்டடி, டெஸ்ட், ஸ்டடி என்று அங்கே படித்து வந்த பிள்ளைகள் சொல்கிறார்கள்.

ஜனங்கள் இவற்றுக்குப் “பிராய்லர் பள்ளி” என்று பெயர் வைத்தார்கள். சின்னத் திருத்தம் சொல்ல வேண்டும். நாமக்கல் முட்டைக் கோழிக்குப் பேர்போன ஊர். பிராய்லர் பல்லடம் பக்கம்தான் அதிகம். பண்ணை வேலைக்குப் போகிற தோழர்களுக்குத் தெரியும்: முட்டைக் கோழிக்குப் பகல் வெளிச்சத்தோடு விளக்கு வெளிச்சமும் சேர்த்து நாளைக்கு 16 மணி நேரம் கொடுத்தால் முட்டை கூடும். ஐந்திலிருந்து பத்து வரை எண்ணிப் பாருங்கள், கோழியை விட ஒரு மணி நேரம் கூடுதல்! 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 14 வயதுப் பிள்ளையை ஆலையில் வைத்தால் நாலரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இரவில் வாங்கவே கூடாது என்று வரையறுத்தது. நூற்பாலை முதலாளிக்கு ஒரு வரம்பு இருந்தது. மார்க் ஆலை முதலாளிக்கு என்ன வரம்பு?

2017-இல் நீட் வந்தது. அதே ஆண்டு மாநில அளவில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு நிறுத்தியது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வைத்தது. 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை வந்தபோது அந்தப் பிளஸ் ஒன் தேர்வு எடுக்கப்பட்டது. கடைக்காரர்கள் கலங்கினார்களா? போர்டை மாற்றினார்கள், அவ்வளவுதான். மார்க்குக்குப் பதில் நீட் கோச்சிங். 2019 அக்டோபரில் நாமக்கல்லை மையமாகக் கொண்ட ஒரு கல்வி நிறுவனத்தில் வருமான வரிக்காரர்கள் புகுந்தபோது 30 கோடி ரூபாய் ரொக்கமாகவே பிடிபட்டது. பிள்ளைகளின் தூக்கம் எவ்வளவு விலைக்குப் போகிறது என்பதற்கு இது ஒரு கணக்கு.

இதற்கெல்லாம் சட்டம், உத்தரவு ஒன்றும் இல்லையா? இருக்கிறது. 2018 மே மாதம் சென்னை ஹைகோர்ட், ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று தீர்ப்பளித்தது. நவம்பரில் மத்திய மனிதவளத் துறை அதையே எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. பையின் எடைக்கும் கிலோக் கணக்கு வைத்தது. 2020-இல் பள்ளிப் பைக் கொள்கை என்று ஒன்று வந்தது. அதன்படி மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கே இரண்டு மணி நேரம்தான். ஆறு முதல் எட்டு வரை நாளைக்கு ஒரு மணி. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நாளைக்கு இரண்டு மணி. நாளைக்கு இரண்டு மணி நேரம் எழுதுகிற நாலாம் வகுப்புப் பிள்ளையின் தகப்பனாரே! கொள்கை சொன்ன ஒரு வாரக் கணக்கை உங்கள் பிள்ளை திங்கட்கிழமையே முடித்துவிடுகிறது. இந்தக் காகிதம் எந்தப் பள்ளிச் சுவரிலாவது ஒட்டப்பட்டிருக்கிறதா?

ஆசிரியரைத் திட்டி என்ன பயன்? கல்வி உரிமைச் சட்டமே, ஆரம்பப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்! ஒரு வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மற்ற வகுப்புகள் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். நடுவில் புள்ளிவிவரம் ஏற்று, படம் எடுத்து அனுப்பு என்று போனில் உத்தரவு. வகுப்பில் முடியாதது வீட்டுக்குத்தான் போகும். வேலைப்பளு அதிகமாகி ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பது ஆலைத் தொழிலாளிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காலிப் பணியிடங்களை நிரப்பு என்று ஆசிரியர்கள் போராடும்போது, “இவர்களுக்கு என்ன, சர்க்கார் சம்பளம்” என்று நம்மில் சிலர் பேசுவது தவறு. அவர்களுடைய கோரிக்கையில் நம் பிள்ளையின் மாலைப் பொழுது இருக்கிறது.

“வீட்டுப்பாடமே வேண்டாம், ஒரே தடையாகப் போட்டுவிடு” என்று கிளம்புகிற நண்பர்களும் உண்டு. எண்ணம் நல்லதுதான். ஆனால் தடையோடு நின்றால் என்ன நடக்கும்? உத்தியோகஸ்தர் பிள்ளை டியூஷனுக்குப் போகும். நம் பிள்ளை தாருக்குப் போகும். புரட்சி நடந்த மறு வருஷமே, 1918 அக்டோபரில், சோவியத் ஆட்சி வெளியிட்ட பள்ளி விதிகளில் கட்டாய வீட்டுப்பாடம் கூடாது என்று எழுதினார்கள். 1930-களில் அது திரும்பி வந்துவிட்டது. பிறகு 1960 வாக்கில் அவர்களே வேறு வழி பிடித்தார்கள்: தாய் தகப்பன் வேலையிலிருந்து திரும்பும் வரை பிள்ளை பள்ளியிலேயே இருக்கும், சாப்பிடும், விளையாடும், ஆசிரியர் பக்கத்தில் இருக்க எழுதி முடிக்கும். சீனாவும் 2021 ஜூலையில் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு எழுத்து வீட்டுப்பாடம் கிடையாது, ஆறாம் வகுப்பு வரை ஒரு மணி, அதற்கு மேல் நடுநிலையில் ஒன்றரை மணி என்று வரம்பு கட்டியபோது, கூடவே பள்ளிப் பாடத்துக்கு லாபத்துக்கு நடத்தும் டியூஷனையும் தடுத்தது. பள்ளியிலேயே மாலை வகுப்பு வைக்கச் சொன்னது. ஒன்றை மட்டும் செய்து மற்றதை விட்டால் பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நமக்கு இது புதிதா? 2021 அக்டோபரில் தமிழக அரசு இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாலையில் ஒன்றரை மணி நேரம், எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு, ஊரில் படித்த பெண்களே வந்து சொல்லிக் கொடுத்தார்கள். பல ஊர்களில் பிள்ளைகள் ஆவலோடு போனார்கள். அந்தப் பெண்களுக்குக் கொடுத்தது மாதம் 1,000 ரூபாய்! நாளைக்கு முப்பத்து மூன்று ரூபாய்க்கு மரவள்ளிக் காட்டில் ஒரு களை பிடுங்க ஆள் கிடைக்குமா? மாலைப் படிப்பு தேவை என்று சர்க்காரே ஒப்புக்கொண்டது. அதற்குக் கூலி கொடுக்கத்தான் மனமில்லை.

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நோட்டு நிறைய எழுதினால் நல்ல பள்ளி, வீட்டுப்பாடம் கொடுக்காத வாத்தியார் சோம்பேறி என்று நாம்தான் அளக்கிறோம். பல ஆசிரியர்கள் இதற்குப் பயந்தே எழுதச் சொல்லுகிறார்கள். வாய்ப்பாடும் கையெழுத்தும் பழகினால்தான் வரும் என்பதை நானும் ஒப்புகிறேன். பத்தாம் வகுப்புக்கு மேல் தனியாக உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். ஆனால் எட்டு வயதுப் பிள்ளை ஒரே விடையை ஐந்து தடவை பார்த்து எழுதுவதில் விரல்தான் வலிக்கிறது. வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பல ஆண்டு ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பர் கூட, ஆரம்ப வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் பெரிய சம்பந்தம் தென்படவில்லை என்றே எழுதினார். உயர் வகுப்பில்தான் பயன் கூடுகிறது. வட்டிக்கு வாங்கி ஹாஸ்டலில் சேர்க்கிறவர்களுக்கும் ஒன்று: அந்த வட்டியைக் கட்டத் தகப்பன் இரட்டை ஷிப்டு பார்க்கிறான். பிள்ளையும் இரட்டை ஷிப்டு, தகப்பனும் இரட்டை ஷிப்டு!

தாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை கை வைக்காவிட்டால் கூலி கட்டாது என்று நெசவாளி சொல்வது பொய்யல்ல. தகப்பன் ஒருவன் கூலியில் குடும்பம் நடக்கிற அளவுக்குக் கூலி உயர வேண்டும். பள்ளிபாளையத்துக் கூலி உயர்வுப் போராட்டமும் பிள்ளையின் நோட்டும் வேறு வேறு சங்கதி என்று யாராவது சொன்னால் அவருக்குத் தறியும் தெரியாது, பள்ளிக்கூடமும் தெரியாது.

இப்போது செய்ய வேண்டியது கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றவர்கள். பாதிப் பேர் பெண்கள். பெரும்பாலும் யாரோ கொண்டுவந்த நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். அடுத்த கூட்டத்தில் உட்கார்ந்து பேசுங்கள். ஐந்தாம் வகுப்பு வரை எழுத்து வீட்டுப்பாடம் வேண்டாம் என்று கேளுங்கள். மேல் வகுப்புக்கு உள்ள மணிக் கணக்கைப் பள்ளிச் சுவரில் எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வீட்டுப்பாடம் வேண்டாம், கரும்பலகையில் எழுதினால் போதும் என்று சொல்லுங்கள். மாலை ஆறரை வரை பள்ளி திறந்திருக்கட்டும். முதல் ஒரு மணி நேரம் விளையாட்டு, பிறகு படிப்பு. விளக்கு, சுண்டல், நியாயமான சம்பளத்தில் ஓர் ஆள். 2022-இல் காலைச் சிற்றுண்டி கொண்டுவர முடிந்த அரசுக்கு மாலைச் சுண்டல் மலையல்ல. கிராமத்துத் தோழர்கள் இதையே கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அதில் ஒன்று மே தினத்தன்று. தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டக் குறிப்பில் ஏறின பிறகு எழுந்திருங்கள்.